4294967297 என்ற எண்ணுக்கு 641 காரணி என்பதைக் கையால் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: எண்நாடி

அனைவருக்கும் வணக்கம். சில நாள்களாக 4294967297 என்ற ஓர் எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு இரண்டுகளைத் தம்முள் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இது. அதாவது 2³² + 1. அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இருமடங்காகிக்கொண்டே போகும்போது 2-இன் அந்த அடுக்கோடு 1 கூட்டிக் கிடைக்கும் எண்கள் எல்லாம் பகா எண்களே என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா கருதினார். 3, 5, 17, 257, 65537 என்ற முதல் ஐந்தும் அவர் கருதியபடியே பகா எண்களாக அமைந்துவிட்டன. ஆறாவதான இந்த எண்ணில்தான் அந்தக் கருத்து உடைந்தது. கோல்ட்பாக் 1729-இல் எழுதிய கடிதத்தால் இக்கேள்வியின் பக்கம் திரும்பிய ஆய்லர், 1732-இல் இதனை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார்.

பெருக்கல் சரிதானா என்று நானே போட்டுப் பார்த்தேன். 6700417-ஐ 600-ஆல் பெருக்க 4020250200, 40-ஆல் பெருக்க 268016680, அவற்றோடு 6700417-ஐயும் சேர்த்தால் 4294967297 பிசகாமல் வந்துவிடுகிறது. ஆகவே விடையில் எனக்கு ஐயமில்லை. விடைக்குச் சென்ற வழிதான் விளங்கவில்லை. இவ்வெண்ணின் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுகிறது, அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. அவற்றுள் 641 என்பதை ஆய்லரால் எப்படித் தேர்ந்தெடுக்க முடிந்தது? மேலும், எஞ்சி நிற்கும் 6700417 பகா எண்தான் என்று கணினி இல்லாத ஒருவர் எதைக் கொண்டு உறுதி சொல்வார்? தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் நானே சரிபார்க்கும் வகையில் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


பதில்: பகாநேயன்

வணக்கம். பெரிய பெருக்கல் எதுவும் போடாமலே 641 இவ்வெண்ணை வகுக்கும் என்று காட்டும் நிரூபணத்தை முதலில் எழுதிவிடுகிறேன். முதன்முதலில் இதைப் படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை, அவ்வளவு பிடித்துவிட்டது.

641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். 640 என்பது 5 × 128 ஆகையால் 641 = 5 × 2⁷ + 1. மற்றொரு பக்கம் 625-ஐயும் 16-ஐயும் கூட்டினாலும் 641 வருகிறது; எனவே 641 = 5⁴ + 2⁴. இந்த இரண்டு வரிகளே போதும்.

முதல் வரி சொல்வது, 641-ஆல் வகுக்கும் கணக்கில் 5 × 2⁷ என்பதை −1 என்று கொள்ளலாம் என்பதே. இரு பக்கத்தையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ ≡ 1 ஆகிறது (≡ என்பது, வகுக்கும்போது இரு பக்கமும் ஒரே மீதி தரும் என்பதைக் குறிக்கும்). இரண்டாம் வரியின்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐ வைக்கலாம். வைத்தால் −2³² ≡ 1, அதாவது 2³² + 1 ≡ 0. மீதியின்றி வகுபடுகிறது என்பது அதன் பொருள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு இது விடையாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 641 என்ற எண் கைக்கு வந்த பிறகுதான் இதை எழுத முடியும். தேடிச் சென்ற வழியைப் பற்றி இந்த நிரூபணம் ஒரு சொல்லும் பேசுவதில்லை.


பதில்: கணக்காயர்

தேடும் வழியை நான் எழுதுகிறேன். ஒரு செய்தியை முதலில் கவனியுங்கள். பகா எண்களை வரிசைப்படி 2, 3, 5, 7 என்று அடுக்கினால் 641 என்பது 116-ஆவது. எந்த நுட்பமும் இல்லாமல் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனாலும் 116-ஆம் முயற்சியில் ஆய்லர் இதைக் கண்டிருப்பார். 6542 என்ற எண்ணிக்கை அச்சுறுத்துகிறது. உண்மையில் விடை மிக அருகிலேயே இருந்தது. ஆயினும் அத்தனை வகுத்தலும் தேவையில்லை என்பதுதான் அழகு.

ப என்பது இவ்வெண்ணை வகுக்கும் ஏதோ ஒரு பகா எண் என்று கொள்வோம். இனி நான் சொல்லும் மீதிகள் எல்லாம் ப-ஆல் வகுத்து வருபவை. 2³² + 1 வகுபடுவதால் 2³² ≡ −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ ≡ 1. 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகும்போது மீதி முதன்முதலாக 1 ஆகும் அடுக்கு எதுவோ, அது 64-ஐ மீதியின்றி வகுத்தாக வேண்டும். 32-ஆம் அடுக்கில் மீதி −1 என்பதால், அது 32 ஆகவோ 32-ஐ வகுக்கும் எண்ணாகவோ இருக்க முடியாது. ஆகவே அது 64-தான். பெர்மாவின் சிறு தேற்றப்படி ப−1-ஆம் அடுக்கிலும் மீதி 1 வர வேண்டும். எனவே ப−1 என்பது 64-இன் மடங்கு.

ஆக, தேட வேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிட்டது. 64-இன் மடங்குகளோடு 1 கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று வரும். இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. அந்தப் பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்கவும் வேண்டாம். எடுத்துக்காட்டாக 449-ஐப் பாருங்கள்: 65536-ஐ 449-ஆல் வகுத்தால் மீதி 431, அதாவது −18, அதை வர்க்கப்படுத்த 324, 1 கூட்ட 325. பூச்சியம் வரவில்லை, எனவே 449 காரணியல்ல. அவ்வாறே 193-க்கு மீதி 109, 257-க்கு 2, 577-க்கு 288. ஐந்தாவதாக 641-ஐ எடுத்தால் 65536-க்கு மீதி 154. 154-இன் வர்க்கம் 23716. அதோடு 1 கூட்டிய 23717 என்பது சரியாக 37 × 641. காரணி கிடைத்துவிட்டது.

1878-இல் லூகா இதையும் ஒரு படி செம்மைப்படுத்தினார்: காரணி 64-இன் மடங்கோடு 1 என்பதோடு நில்லாமல், 128-இன் மடங்கோடு 1 ஆக இருக்க வேண்டும். காரணம் எளிது. 256 × 65535 என்ற எண்ணை எடுத்து வர்க்கப்படுத்துங்கள். 2¹⁶ × (2³² − 2¹⁷ + 1) என்று வரும்; 2³² + 1 என்பது பூச்சியத்துக்குச் சமமானதால் −2³³ மட்டும் மிஞ்சும்; 2³² ≡ −1 என்பதால் அது 2. வர்க்கப்படுத்தினால் 2 தரும் ஓர் எண் இருக்கிறதென்றால், அதன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலாக வருவது 128-ஆம் அடுக்கில்தான். எனவே ப−1 என்பது 128-இன் மடங்கு. இப்போது வரிசை 129, 257, 385, 513, 641 என்று ஆகிறது. 129, 385, 513 மூன்றும் பகு எண்கள். 257-ஐ வகுத்துப் பார்க்கவே வேண்டாம்; 2⁸ ≡ −1 என்பதால் 2³² ≡ 1 ஆகி, நம் எண்ணுக்கு மீதி 2 என்று மனத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே உண்மையாக வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641.

உங்கள் இரண்டாம் கேள்விக்கும் இதே சாவிதான். 6700417-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 4294967297-ஐயும் வகுக்கும். எனவே அதுவும் 128-இன் மடங்கோடு 1 என்ற வடிவில்தான் இருக்கும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதுவரை அவ்வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஏற்கனவே நீங்கிவிட்டது. மீதமுள்ள நான்கையும் நீங்களே வகுத்துப் பாருங்கள். அந்த நான்கு வகுத்தல்களில் 6700417 பகா எண் என்பது உறுதியாகிவிடும்.


எண்நாடி

மிக்க நன்றி, ஐயா. நான்கையும் வகுத்தேன். 641-ஆல் வகுத்தால் மீதி 44, 769-ஆல் 120, 1153-ஆல் 334, 1409-ஆல் 622. ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்பதை அரைப்பக்கத் தாளில் என் கையாலேயே உறுதிசெய்தேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. உங்கள் பட்டியலில் இடையே விடுபட்ட 897, 1537, 1793, 1921 போன்றவற்றையும் ஐயத்தோடு பார்த்தேன்; 3 × 13 × 23, 29 × 53, 11 × 163, 17 × 113 என்று அவை எல்லாம் பிரிந்துவிட்டன.

இன்னொரு கேள்வி எழுகிறது. காரணி எதையும் தேடாமல், இவ்வெண் பகு எண் என்பதை மட்டும் அறிய வழி இருக்கிறதா?


பதில்: மீதி

இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் விருப்பமானது வர்க்கங்களின் வழி. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். ஓர் எண்ணை அவ்வாறு இரண்டு வெவ்வேறு விதங்களில் எழுத முடிந்தால், அது பகா எண்ணாக இருக்க வழியில்லை. நம் எண் 65536² + 1² என்று தன் பிறப்பிலேயே ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது. அதோடு 62264² + 20449² என்றும் அதை எழுதலாம். சரிபார்க்க விரும்பினால்: 62264-இன் வர்க்கம் 3876805696, 20449-இன் வர்க்கம் 418161601, இரண்டும் சேர்ந்து 4294967297. இந்த ஒரு வரியே பகு எண் என்பதற்குச் சான்று.

இதிலிருந்து காரணிகளையும் பிரித்தெடுக்கலாம், அதுதான் இன்னும் சுவையானது. இரு வடிவங்களும் சமமாகையால் 65536² − 62264² = 20449² − 1². இடப்பக்கம் 3272 × 127800, வலப்பக்கம் 20448 × 20450. 3272, 20448 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 8. 127800, 20450 ஆகியவற்றுக்கு 50. இவற்றில் பாதி எடுத்தால் 4, 25. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 16 + 625 = 641. அடுத்து, 3272-ஐயும் 20448-ஐயும் அந்த 8-ஆல் வகுத்தால் 409, 2556 கிடைக்கும். 167281 + 6533136 = 6700417.

திரும்பி வரும் வழியையும் பாருங்கள். இரு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் மீண்டும் ஒரு வர்க்கக் கூட்டலே வரும் என்பதை உள்ளடக்கிய விதியை பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அதன்படி 25² + 4² என்பதையும் 2556² + 409² என்பதையும் பெருக்க நான்கு பெருக்கல்களே தேவை: 25 × 2556 = 63900, 4 × 409 = 1636, 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. முதல் இரண்டின் கூட்டல் 65536, கழித்தல் 62264. பின் இரண்டின் கூட்டல் 20449, கழித்தல் 1. அந்த 10225-உம் 10224-உம் ஒன்றே ஒன்றால் வேறுபடுவதால்தான் 65536² + 1 என்ற வடிவம் நமக்குக் கிடைக்கிறது. பெர்மாவின் எண் உடைவதற்கான காரணத்தை நான் இந்த ஒன்றில்தான் பார்க்கிறேன்.

20449 என்பது 143-இன் வர்க்கம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஆகவே நம் எண் 62264² + 143⁴ என்றும் ஆகிறது. இதற்குப் பின்னால் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது. அந்த இரண்டாம் வடிவத்தைக் கையால் தேடுவது 641-ஐத் தேடுவதைவிடக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.


பதில்: கணக்காயர்

நண்பர் மீதி எழுதியதோடு மற்றொரு வழியையும் சேர்க்கிறேன். இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

பெர்மா தம் சிறு தேற்றத்தையும் அதே 1640-இல்தான் எழுதினார். ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எதையும் அவ்வெண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி வகுக்கும்போது மீதி 1 வரும். அப்படியானால் இவ்வெண்ணை 2-ஐக் கொண்டு சோதித்திருக்கலாமே என்று தோன்றும். சோதித்தால் ஏமாற்றமே மிஞ்சும். 2⁶⁴-க்கு மீதி 1; அடுக்காக வர வேண்டிய 4294967296 என்பது 2³², அதாவது 64-இன் மடங்கு; எனவே மீதி 1 தானாகவே வந்துவிடும். பகு எண்ணாக இருந்தும் இவ்வெண் 2-இன் சோதனையில் பகா எண் போலவே தேறிவிடுகிறது. இந்த வகை எண்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். ஆகையால் 2-ஐக் கொண்டு இவற்றைச் சோதிப்பதில் பயனே இல்லை.

3-ஐ எடுத்துக்கொண்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். 3-இலிருந்து தொடங்கி, 9, 81, 6561, 43046721 என்று ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, நம் எண்ணைத் தாண்டும்போது அதனால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 31 முறை வர்க்கப்படுத்திய பின் மீதி 10324303. இன்னும் ஒரு முறை செய்தால் 3029026160. பகா எண்ணாக இருந்தால் இங்கே 1 வந்திருக்க வேண்டும். வரவில்லை, எனவே பகு எண். காரணி எது என்று இச்சோதனை சொல்லாது. 1877-இல் பெப்பான் இதைக் கூர்மையாக்கினார்: கடைசிக்கு முந்தைய மீதி −1 ஆக இருந்தால் மட்டுமே இவ்வகை எண் பகா எண். 10324303 எங்கே, −1 எங்கே.

32 முறை பத்து இலக்க எண்களைப் பெருக்கி வகுப்பது ஒருவர் சில மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலை. பெர்மா தம் தேற்றத்தைத் தம் எண்ணின் மீதே 3-ஐக் கொண்டு ஒருமுறை பயன்படுத்தியிருந்தால், அக்கருத்தை 1640-இலேயே கைவிட்டிருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.


பதில்: கோணன்

சுருக்கமாக ஒன்று. இவ்வெண்ணிலிருந்து 2-ஐக் கழித்தால் வரும் 4294967295 என்பது 3 × 5 × 17 × 257 × 65537, அதாவது பெர்மாவின் முதல் ஐந்து எண்களின் பெருக்கல். காஸ் 1796-இல் தொடங்கி வைத்து, வான்ட்செல் 1837-இல் நிறைவு செய்த தேற்றத்தின்படி, அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோடில்லாத கோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைவது கொள்கையளவில் முடியும். அவ்வாறு வரையலாம் என்று அறியப்பட்ட ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கைகளில் அதுவே பெரியது. இரண்டே பக்கம் கூடிய 4294967297-க்கு முடியாது. 641 பக்கங்களுக்கும் முடியாது.


பதில்: பகாநேயன்

எண்நாடி அவர்களே, நீங்கள் தாளும் பேனாவும் கேட்டதால், முன்பு எழுதிய அந்த இரண்டு வரிகளிலிருந்தே இன்னொன்றையும் பெறலாம் என்பதைச் சொல்லத் தோன்றுகிறது. 5⁴ ≡ −2⁴ என்று பார்த்தோம். இரு பக்கத்தையும் 2⁴-ஆல் பெருக்கினால் 10⁴ ≡ −2⁸. மீண்டும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 10¹⁶ ≡ 2³². வலப்பக்கம் −1 என்பது நமக்குத் தெரியும். ஆகவே 10¹⁶ + 1-ஐயும் 641 மீதியின்றி வகுக்கிறது. நாம் நாள்தோறும் எழுதும் பத்தடிமான முறையிலும் இதன் தடம் தெரிய வேண்டும். 1-ஐ 641-ஆல் வகுத்துத் தசமத்தில் எத்தனை இலக்கங்களுக்குப் பின் அதே வரிசை திரும்புகிறது என்று பாருங்கள்.


எண்நாடி

வகுத்துவிட்டேன். 32 இலக்கங்களுக்குப் பின் திரும்புகிறது. முதல் பதினாறு 0015600624024960, அடுத்த பதினாறு 9984399375975039. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினேன். பதினாறு இடங்களிலும் 9 வந்தது.